மானுக்குக் கருத்தடை ஊசி போட்டால் பயிர் தப்புமா?

காட்டுப்பன்றிகளைச் சுடுவது தொடர்பான அரசாணையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். இதுதான் அதன் சாரம்.

அதன் பிறகு உழவர் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பன்றிக்கு ஒரு வழி சொல்லிவிட்டார்கள். மானுக்கு என்ன வழி? மானைச் சுடக் கேட்கவில்லை. மாட்டுக்கு ஊசி போடுவதுபோல மானுக்கும் கருத்தடை ஊசி போட்டுவிட்டால் என்ன? வெளிநாட்டில் போடுகிறார்களாமே?"

நல்ல கேள்விதான். உயிரைக் கொல்லாமல் பயிரைக் காக்க நினைப்பவரின் கேள்வி. வெளிநாட்டில் போடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஊசி மானின் உடலில் என்ன செய்கிறது, எத்தனை ஆண்டில் பலன் தருகிறது, எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. இல்லையென்றால் ஊசி வரும் என்று காத்திருந்தே நான்கைந்து போகம் போய்விடும்.

சென்னைக்கு நடுவே ஒரு பாடம்

இந்தக் கேள்விக்கு விடை தேட மலையடிவாரத்துக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த முறை சென்னைக்கு வரும்போது மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ அடையாறு பக்கம் வாருங்கள். மத்திய கைலாஷ் கோயிலிலிருந்து கிண்டி நோக்கிப் போகும் சர்தார் படேல் சாலையின் ஒரு பக்கம் ஐ.ஐ.டி. வளாகம், காந்தி மண்டபம், சிறுவர் பூங்கா, ஆளுநர் மாளிகை என்று வரிசையாக வரும். அந்தச் சுவர்களுக்குப் பின்னால்தான் கிண்டி தேசியப் பூங்காவும் அதைச் சுற்றிய பசுமையும் இருக்கின்றன. புள்ளிமானும் வெளிமானும் அங்கே மேய்கின்றன.

1910ல் இங்கே சுமார் 505 ஹெக்டேர் காப்புக்காடாக இருந்தது. 1958ல் ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்காகக் கொடுக்கப்பட்டது. 1961க்கும் 1977க்கும் இடையில் இன்னொரு 172 ஹெக்டேர் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் போனது. 1978ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேர், அதாவது 670 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1980களின் பிற்பகுதியில் பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே சுவர் எழுப்பப்பட்டது.

வெளிமான் இந்தப் பகுதிக்கே உரியது. புள்ளிமான் அப்படியல்ல. 1945க்குப் பிறகு கொண்டுவந்து விடப்பட்டதாகக் கருதப்படுகிறது. வந்த விருந்தாளி பெருகிவிட்டது. புலியோ சிறுத்தையோ செந்நாயோ இங்கு இல்லை. குட்டியைப் பிடிக்க நரி இருக்கிறது, அவ்வளவுதான். சுவரைத் தாண்டி வெளியே வந்த மான் நாயிடம் கடிபட்டும் வண்டியில் அடிபட்டும் சாகிறது. குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை உணவோடு விழுங்கிச் சாகிறது.

உங்கள் மேய்ச்சல் நிலத்தை நினைத்துப் பாருங்கள். பத்து ஆடு மேயும் இடத்தில் முப்பது ஆட்டை அடைத்தால் புல் தலை தூக்காது, ஆடும் மெலியும், நோயும் வரும். ஆட்டுக்காரர் சந்தைக்கு ஓட்டிச் சென்று எண்ணிக்கையைக் குறைப்பார். மானை என்ன செய்வது? கொல்ல முடியாது. பிடித்து வேறு காட்டில் விடலாம் என்றால், பிடிக்கும்போதே அதிர்ச்சியில் சாகும் விலங்கு அது. இத்தகைய இடத்தில்தான் கருத்தடை ஊசி என்ற யோசனைக்குப் பொருள் வருகிறது.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

கருத்தடைத் தடுப்பூசி ஆராய்ச்சி நம் நாட்டுக்குப் புதிதல்ல. தில்லியிலுள்ள தேசிய நோயெதிர்ப்பு நிறுவனத்தில் டாக்டர் ஜி.பி. தல்வார் தலைமையில் பெண்களுக்கான கருத்தடைத் தடுப்பூசி உருவாக்கப்பட்டு, அதன் சோதனை முடிவுகள் 1994லேயே வெளிவந்தன. காட்டு விலங்குகளுக்கு வெளிநாடுகளில் பெரும்பாலும் இரண்டு வகை ஊசிகள் பயன்படுகின்றன.

முதல் வகை பி.இசட்.பி. பன்றியின் சினைப்பையிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம் இது. கருமுட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் இந்தப் புரதம் இருக்கும். இதைப் பெண்மானின் உடலில் செலுத்தினால், அதை எதிரி என்று எண்ணி உடல் எதிர்ப்புப் பொருளை உருவாக்குகிறது. அந்த எதிர்ப்புப் பொருள் மானின் சொந்தக் கருமுட்டை உறையிலும் போய் ஒட்டிக்கொள்ளும். விந்தணு முட்டைக்குள் நுழைய முடியாது. வழக்கமான முறையில் முதலில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ஊக்க ஊசி போட வேண்டும்.

இரண்டாம் வகை கோனாகான். அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்கு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. பெண் வெண்வால் மான்களுக்கு இதைப் பயன்படுத்த அந்நாட்டில் 2009ல் பதிவு கிடைத்தது. சினைப்பையை இயங்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஹார்மோனையே இது முடக்குகிறது. மான் பருவத்துக்கே வராது. ஒரே ஊசி ஓராண்டுக்கு மேலும் பலன் தரலாம்.

இன்னும் எளிதாகச் சொன்னால், முதல் ஊசியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மடைதான் மூடியிருக்கும். இரண்டாவதில் மோட்டாருக்கு வரும் மின்சாரமே நின்றுவிடும். உடல்நல விளைவுகளில் வரும் வேறுபாட்டுக்கு இதுவே முக்கியக் காரணம்.

மானின் உடலில் என்ன நடக்கிறது?

ஊசி போட்ட இடத்தில் கட்டி: கோமாரி தடுப்பூசிக்குப் பிறகு சில மாடுகளின் கழுத்தில் கட்டி தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மருந்தின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருளே அதற்குக் காரணம். மானின் கருத்தடை ஊசியிலும் எண்ணெய்ப் பொருள் உண்டு. இறந்த மான்களை அறுத்துப் பார்த்தபோது, ஊசி போட்ட தசைக்குள் முடிச்சுகளும் கிருமியில்லாத சீழ்க்கட்டிகளும் பலவற்றில் காணப்பட்டன. ஆனால் பெரும்பாலும் மான் நொண்டவோ மேயாமல் நிற்கவோ இல்லை. வெளியே தெரியாத, உள்ளே இருக்கும் பாதிப்பு இது.

உடல் தேறுகிறது, ஆயுள் கூடுகிறது: கறவை மாடும் வற்றிய மாடும் ஒரே தீவனத்தில் ஒரே மாதிரி இருப்பதில்லை. சினையும் பாலும் உடம்பை உருக்கும். அந்தச் சுமை இல்லாத பெண்மான் கொழுக்கும். அமெரிக்காவில் அசடீக் தீவின் காட்டுக் குதிரைகளுக்கு 1990களிலிருந்து பி.இசட்.பி. ஊசி போட்டு வருகிறார்கள். ஊசி போடாத பெட்டைக் குதிரைகள் சராசரியாக ஆறு வயதுக்குச் சற்று மேல் இறந்தன. மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் ஊசி பெற்றவை ஏறக்குறைய இருபது வயது வரை வாழ்ந்தன. விலங்கின் பக்கம் நின்று பார்த்தால் இது மகிழ்ச்சியான செய்தி. பயிரின் பக்கம் நின்று பார்த்தால் வேறு செய்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மீண்டும் மீண்டும் பருவம்: சினை பிடிக்காத மாடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். பி.இசட்.பி. போட்ட மானும் அப்படித்தான். வெண்வால் மான்களில் இணைசேரும் காலம் வழக்கத்தைவிடப் பல வாரங்கள் நீண்டது. ஆண்மான்கள் அதுவரை விரட்டிக்கொண்டே இருந்தன. ஊசி பலிக்காமல் தாமதமாகச் சினையான பெண்மான்கள், பருவம் தப்பிக் குட்டி போட்டன. குளிருக்குள் குட்டி வளர நாள் போதாது என்பது அங்குள்ள கவலை. கோனாகானில் பருவமே வராததால் இந்தத் தொல்லை குறைவு.

சினைப்பையில் மாற்றம்: பி.இசட்.பி. போட்ட சில வெண்வால் மான்களின் சினைப்பையில் அழற்சி இருந்ததும், வளரும் கருமுட்டைப் பைகள் குறைந்திருந்ததும் பரிசோதனையில் தெரியவந்தன. ஓரிரு ஆண்டு போட்டு நிறுத்தினால் சினை பிடிக்கும் திறன் பெரும்பாலும் திரும்பும். பல ஆண்டுகள் இடைவிடாமல் போட்டால் திரும்ப வெகுகாலம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம். அசடீக் குதிரைகளில் இது காணப்பட்டது. "வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதியை அப்படியே நம்பக் கூடாது.

ஆண்மானின் கொம்பு: கோனாகான் வகை ஊசியை ஆண்மானுக்குப் போட்டால் ஆண் ஹார்மோன் குறையும். கொம்பின் மேலுள்ள மென்தோல் உரியாமல் நிற்கும், கொம்பும் கோணலாக வளரும். அதனால்தான் ஊசி பெண்மானுக்கு மட்டும். அதுவுமின்றி, ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும் இனத்தில் ஆண்களைத் தடுத்துப் பயனில்லை. விடுபட்ட ஒரே ஒரு ஆண்மான் போதும்.

சினைமானும் இரை தின்னும் விலங்கும்: ஏற்கெனவே சினையாக உள்ள மானுக்கு பி.இசட்.பி. போட்டபோது கரு கலையவில்லை, குட்டி இயல்பாகவே பிறந்தது. ஊசியில் இருப்பது புரதம். அதைத் தின்னும் நரியின் வயிற்றில் மற்ற இறைச்சியைப்போலச் செரித்துவிடும். பழைய ஹார்மோன் மருந்துகள் உணவுச் சங்கிலியில் ஏறும் என்ற அச்சம் இதில் இல்லை.

நோய்ப் பரிசோதனையில் குழப்பம்: இது கால்நடை உதவி மருத்துவர்களும் விரிவாக்கப் பணியாளர்களும் கவனிக்க வேண்டியது. இந்த ஊசிகளில் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் சிலவற்றில் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, கொல்லப்பட்ட கிருமிகள் இருக்கும். ஊசி பெற்ற விலங்குக்குப் பின்னாளில் காசநோய் அல்லது ஜோன்ஸ் நோய்ப் பரிசோதனை செய்தால் நோய் இல்லாமலேயே இருப்பதாகக் காட்டக்கூடும். மாடும் மானும் ஒரே புல்லில் மேயும் இடங்களில் இது சிறிய விஷயமல்ல.

ஊசி போடுபவருக்கு ஆபத்து: தவறுதலாகக் கையில் குத்திக்கொண்டால், மானுக்குச் செய்வதை மனிதருக்கும் செய்யக்கூடும். குறிப்பாகப் பெண்கள் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று இம்மருந்துகளின் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

பிடிப்பதே பெரிய ஆபத்து: மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மானுக்கு அதிகக் கேடு வரக்கூடியது ஊசிக்கு முந்தைய அரை மணி நேரத்தில். கோனாகான் ஊசியை மானைப் பிடித்துக் கையால்தான் போட வேண்டும் என்பதே அதன் பதிவு விதி. பி.இசட்.பி.யைத் தொலைவிலிருந்து ஊசி அம்பாக எய்யலாம். ஆனால் எந்த மானுக்குப் போட்டோம் என்று தெரிய முதலில் பிடித்துக் காதில் அடையாள வில்லை மாட்ட வேண்டும். விரட்டப்பட்ட மானுக்கு உடல் சூடேறி, தசை சிதைந்து, சில நாள் கழித்துக்கூட உயிர் போகலாம். புள்ளிமான் இதில் மிகவும் பலவீனமான விலங்கு.

நம் புள்ளிமானுக்கு இது பொருந்துமா?

இதுவரை சொன்ன முடிவுகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் வெண்வால் மானிலிருந்தும் குதிரையிலிருந்தும் வந்தவை. அங்கே மானுக்கு இணைசேரும் பருவம் ஒன்றே. அதற்கு முன் ஊசி போட்டால் அந்த ஆண்டுக்குப் போதும்.

நம் புள்ளிமானின் இயல்பு வேறு. அதற்கு ஆண்டில் எந்த மாதத்திலும் குட்டி பிறக்கும், சில மாதங்களில் கூடுதலாக இருக்கும். ஒரே மந்தையில் ஒரு ஆண்மான் முற்றிய கொம்போடு நிற்கும், பக்கத்தில் இன்னொன்று கொம்பு உதிர்ந்து நிற்கும். சங்கர் ராமன், மேனன், சுகுமார் ஆகியோர் கிண்டியின் புள்ளிமானையும் வெளிமானையும் ஆய்ந்து 1996ல் கட்டுரை வெளியிட்டார்கள். தென்னிந்தியப் புள்ளிமானின் கொம்புச் சுழற்சியையும் இனப்பெருக்கப் பருவத்தையும் பற்றித் தனியாகவும் சங்கர் ராமன் எழுதியிருக்கிறார். நம்மிடம் அடிப்படை அறிவு இல்லாமல் இல்லை.

இந்த இயல்பை வைத்து மூன்று விஷயங்களை ஊகிக்கலாம். ஒன்று, குளிர்காலத்தில் குட்டி பிறக்குமே என்ற அமெரிக்கக் கவலை இங்கே பெரிதல்ல. புல் காய்ந்த கோடையில் பிறக்கும் குட்டிதான் நம் கவலை. இரண்டு, எந்த நாளும் சில பெண்மான்கள் சினைக்குத் தயாராக இருக்கும் என்பதால், "பருவத்துக்கு முன் ஊசி" என்ற கணக்கு இங்கே நிற்காது. ஊக்க ஊசி ஒரு மாதம் தள்ளிப்போனாலும் இடையில் சினையாகிவிடும். மூன்று, பி.இசட்.பி. போட்டால் பெண்மான்கள் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வந்துகொண்டிருக்க, ஆண்மான்கள் ஓய்வில்லாமல் சண்டையிட்டு மெலியக்கூடும். சர்தார் படேல் சாலையும் வேளச்சேரி சாலையும் சூழ்ந்த இடத்தில் அலையும் ஆண்மானுக்கு என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவை ஊகங்கள்தாம். சில பத்து மான்களில், வனத்துறையும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, எடை, இரத்தம், குட்டி எண்ணிக்கை, இறப்பு எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்குக் கிண்டி போன்ற சுவருள்ள இடமே பொருத்தம்.

எத்தனை ஆண்டில் பலன்?

கிண்டியோடு ஒப்பிடத்தக்க ஓர் இடம் அமெரிக்காவில் உண்டு. மேரிலாந்து மாநிலம் கெய்தர்ஸ்பர்க்கில் ஒரு மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் வளாகம். பரப்பு 233 ஹெக்டேர், சுற்றிலும் வேலி. கிண்டி பூங்காவைவிடச் சற்றுச் சிறியது. அங்கே 1990களின் நடுவில் வெண்வால் மான்களுக்கு பி.இசட்.பி. ஊசி போடத் தொடங்கினார்கள். முதலில் எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் போனது. 1997க்கும் 2002க்கும் இடையில் ஆண்டுக்குச் சுமார் 7.9 விழுக்காடு என்ற அளவில் குறைந்தது.

இதை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். நூறு மான் இருந்தால் ஐந்து ஆண்டு கழித்தும் 66 மான் இருக்கும். அதுவும் வேலி போட்ட இடத்தில், பெரும்பாலான பெண்மான்களுக்குக் காது வில்லை மாட்டி, ஆண்டு தவறாமல் ஊசி போட்ட பிறகு.

கோனாகானின் கணக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மேரிலாந்தில் நடந்த சோதனையில் ஊசி பெற்ற மான்களில் முதல் ஆண்டு 88 விழுக்காடு சினையாகவில்லை. இரண்டாம் ஆண்டில் அது 47 விழுக்காடாக இறங்கியது. நியூஜெர்சியில் முதல் ஆண்டு 67, இரண்டாம் ஆண்டு 43.

இப்போது பயிரின் பக்கம் வருவோம். கருத்தடை ஊசி பிறக்கப்போகும் குட்டியைத்தான் தடுக்கிறது. இன்றைக்கு உங்கள் நிலக்கடலையில் நிற்கும் மான் நாளைக்கும் வரும். சினைச்சுமை இல்லாததால் நன்றாகத் தேறி, கூடுதல் ஆண்டு வாழ்ந்து, கூடுதல் ஆண்டு மேயும். அதன் பசியை ஊசி குறைப்பதில்லை. வேலியில்லாத காட்டோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மந்தை குறைந்தால் காலியான மேய்ச்சலுக்குப் பக்கத்துக் காட்டு மந்தை வந்துவிடும். காட்டோரத்தில் திரியும் பெண்மான்களில் பாதியையாவது அடையாளம் கண்டு, ஆண்டுதோறும் தேடிப் பிடித்து ஊசி போட எத்தனை ஆள், எத்தனை செலவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, ஊசியால் மானின் உடலுக்கு வரும் கேடு பெரும்பாலும் தாங்கக்கூடியது. சுவருக்குள் பெருகிய மந்தைக்கு, பட்டினியிலும் நாய்க்கடியிலும் சாவதைவிட அது கருணையான வழியாகவும் இருக்கலாம். திறந்த வயலில் நிற்கும் பயிருக்கு அது காவல் இல்லை.

நம் நாட்டில் எந்த நிலையில் இருக்கிறது?

யானை, காட்டுப்பன்றி, குரங்கு, நீல்காய் ஆகிய நான்கு விலங்குகளுக்குக் கருத்தடைத் தடுப்பூசி முறையை ஆராயும் பணியை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மான் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 2006-07 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்திருக்கிறார்கள். அது ஊசி அல்ல, பிடித்துச் செய்யும் அறுவை சிகிச்சை. அத்தனைக்குப் பிறகும் குரங்குத் தொல்லை பற்றிய புகார் அங்கே ஓயவில்லை.

எனவே கருத்தடை ஊசி மருந்துக் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. காட்டு விலங்கைப் பிடிப்பதும் அதற்கு ஊசி போடுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் குற்றம். "மானுக்குக் கருத்தடை மருந்து, தீவனத்தில் கலந்து வையுங்கள்" என்று யாராவது ஒரு பொடியையோ உருண்டையையோ விற்க வந்தால் வாங்காதீர்கள். நாம் பார்த்த இரண்டு ஊசிகளும் புரதம். வாய்வழியே போனால் செரித்துவிடும். பலன் தரும் வேறு ஏதோ அதில் கலந்திருந்தால், அதை உங்கள் ஆடும் மாடும் தின்னும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்றைக்குச் செய்யக்கூடியவை

ஊசிக்காகக் காத்திருக்காமல் செய்ய வேண்டியவை சில உண்டு.

* மான் தாண்டும் விலங்கு. பன்றிக்குப் போடும் தாழ்வான வேலி மானைத் தடுக்காது. மானுக்கு ஆறடிக்கு மேல் உயரம் வேண்டும். முழு நிலத்துக்கும் முடியாவிட்டால் நாற்றங்காலுக்கும் இளம்பயிருக்கும் மட்டுமாவது போடுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் ஏக்கருக்கு ஆகும் செலவு குறையும்.

* சூரிய மின்வேலிக்கு மானியம் உண்டா, எவ்வளவு என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அது விட்டு விட்டு வரும் சிறு அதிர்வு மட்டுமே தரும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக் கம்பியில் பாய்ச்சாதீர்கள். மான் மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து நிலத்துக்காரரும் சாவார். வழக்கும் உங்கள் மேல்தான்.

* காட்டை ஒட்டிய வரப்போரத்தில் நிலக்கடலை, தட்டைப்பயறு போன்ற மான் விரும்பும் பயிரைத் தவிர்த்து, அது அவ்வளவாக விரும்பாத எள், மிளகாய், மஞ்சள், ஆமணக்கு போன்றவற்றைச் சில வரிசை வைத்துப் பாருங்கள். கடும் பசியுள்ள மான் எதையும் தின்னும். ஆனாலும் சேதம் குறையும்.

* சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். இழப்பீடு கிடைப்பதற்கு மட்டுமல்ல, எந்த ஊரில் எந்த மாதத்தில் எத்தனை சேதம் என்ற பதிவு இருந்தால்தான் நாளைக்கு எந்தத் திட்டத்தையும் சரியான இடத்தில் தொடங்க முடியும்.

* மானுக்கு உணவு வைக்காதீர்கள். விழாவுக்குப் பின் காட்டோரத்தில் கொட்டும் மீதிச் சோறும் பிளாஸ்டிக் பையும் மானை ஊருக்குப் பழக்கும். சென்னை நகர மான்களுக்கு நேர்ந்தது உங்கள் ஊர் மானுக்கும் நேரும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தில் இந்தக் கேள்வி வரும்போது "அதெல்லாம் நடக்காது" என்று தட்டிக் கழிக்க வேண்டாம். "நாளைக்கே வந்துவிடும்" என்று நம்பிக்கை ஊட்டவும் வேண்டாம். சுவருக்குள் இருக்கும் மந்தைக்கு இது ஆராயத்தக்க வழி, உங்கள் வயலுக்கு வேலிதான் வழி என்று காரணத்தோடு சொல்லுங்கள். கெய்தர்ஸ்பர்க் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். நூறு, ஐந்து ஆண்டு, அறுபத்தாறு. கணக்கைப் பார்த்தால் உழவருக்கு மறு விளக்கம் தேவைப்படாது.

கிண்டிப் பூங்காவின் சிறுவர் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனால், அங்குள்ள மான்களைக் காட்டி இதையும் சொல்லிவையுங்கள். ஒரு விலங்கைப் புது இடத்தில் கொண்டுவந்து விடுவது ஒரு நாள் வேலை. அது பெருகிய பிறகு, அதற்கும் வலிக்காமல் நமக்கும் நட்டமில்லாமல் குறைப்பது ஒரு தலைமுறையின் வேலை.